உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி

மாட்டுக்குப் போடாத புல்லை வளர்க்கிற வீட்டில் நிம்மதி இருக்காது. இதை எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லவில்லை. நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பி.ஏ. பாஸ் செய்திருந்தேன், கல்யாணமும் ஆகியிருந்தது, வேலைதான் இல்லை. நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவே இருந்த மாமனார் பண்ணையத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். மாப்பிள்ளை வந்தால் மாமனார் எழுந்து நிற்பது எங்கள் பக்கத்து மரியாதை. பொங்கலுக்கும் ஆடிக்கும் வருகிற மாப்பிள்ளைக்கு எழுந்தால் சரி. மூன்று வேளைச் சோற்றுக்கும் வந்து நிற்கிறவனுக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்றால் எப்படி இருக்கும்? சோறு தொண்டையில் இறங்காது. (இறங்கியது என்பது வேறு விஷயம்.)

"ஏனுங்க, நாம எப்பங்க தனியா ஒரு ஊடு பாத்துப் போறது?" என்று என் மனைவி பாவாயி ஒரு நாள் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் சப் கலெக்டர் துரை தன் மனைவியோடு மோகனூருக்கு முகாம் வருவதாகச் செய்தி வந்தது. மாமனார் அவரைத் தேநீருக்கு அழைத்தார், துரையும் ஒத்துக்கொண்டார்.

"வந்தா நீங்க ரெண்டு வார்த்தை இங்கிலீசுல பேசுங்க மாப்ள. தாலுக்கா ஆபீசுல ஒரு வேலை போட்டுக் குடுத்தாருன்னா நீங்களும் பாவாயியும் சேலத்துல குடித்தனம் வெச்சரலாம்" என்றார் மாமனார்.

பாவாயி அன்றைக்கே பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் துலக்கிச் சாக்கில் கட்டிவிட்டாள்.

துரைகளுக்குப் புல்தரை பிடிக்கும் என்று வீட்டு முன்னால் அருகம்புல் பதித்தோம். மழை பெய்து அது முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. ஒரு ஓரமாக அரிவாளால் அறுத்துப் பார்த்ததில், அவசரத்தில் மொட்டையடித்த தலை மாதிரி ஆயிற்று. துரைமார் பங்களாக்களில் மிஷின் வைத்து வெட்டுவார்கள் என்று நான் வாயைத் திறந்தேன். எங்கள் கல்லூரி பிரின்சிபால் வீட்டு வாசலில் தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து புல் சம்பந்தமான சகலத்துக்கும் வீட்டில் நானே அதிகாரி. மிஷின் வாங்க என்னைச் சேலத்துக்கு அனுப்பினார்கள்.

சீமைச் சாமான் கடைக்காரர் நிதானமான மனிதர். கையால் தள்ளுகிற சின்ன மிஷின் ஒன்றைக் காட்டினார்.

"எத்தனை பெரிய எடமுங்க?"

"ரெண்டு கட்டை வண்டி நிறுத்தலாம்."

"அப்ப இது தாராளமுங்க. ஒரு ஆளு தள்ளுனாப் போதும்."

அந்த ஒரு ஆள் யார் என்பதுதான் என்னை உறுத்தியது. துரையும் துரைசானியும் நாற்காலியில் இருக்க, பி.ஏ. படித்தவன் அவர்கள் முன்னால் குனிந்து தள்ளிக்கொண்டு போவதா? அப்புறம் வேலை கேட்டால் தோட்டக்கார வேலை அல்லவா கொடுப்பார்?

கடையின் மூலையில் இன்னொன்று கிடந்தது. ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து விலைக்கு வந்தது. கத்திகள் பூட்டிய பெரிய இரும்பு உருளை, மாடு பூட்ட நுகத்தடி வைத்த நீளத் தண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டுகிறவர் உட்கார ஒரு இரும்பு இருக்கை. ஏறி உட்கார்ந்தேன். (யாரும் உட்காரச் சொல்லவில்லை.) தாசில்தார் நாற்காலி இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"அது மைதானத்துக்குங்க சாமி. ஊட்டுத் தோட்டத்துக்கு ஆகாதுங்க."

"எங்க ஊட்டுல மாட்டுக்கு என்னங்க பஞ்சம்?"

"மாடு இருக்குமுங்க. திரும்பறதுக்கு எடம் வேணுமில்லீங்க?"

"அதெல்லாம் திரும்பும்" என்றேன். இருக்கையை விட்டு இறங்காமலே சொன்னேன்.

துரை வருகிற அன்று காலையில்தான் மிஷின் வண்டியில் வந்து சேர்ந்தது. வண்டி மாடுகள் களைத்துப் படுத்துவிட்டதால், கிணற்றில் கவலை இறைக்கிற ஜோடியை அவிழ்த்து வந்தார்கள்.

கவலை இறைப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாடுகள் சரிவில் முன்னோக்கி இறங்கி வடத்தை இழுக்கும். ஓட்டுகிறவன் கனத்துக்காக வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். தோல்பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் எழுந்துகொள்வான். உடனே மாடுகள் திரும்பாமல், பார்க்காமல், வந்த வழியே பின்னோக்கி நடந்து கிணற்று மேட்டுக்குப் போய்விடும். உட்கார்ந்தால் முன்னால், எழுந்தால் பின்னால். வருஷக்கணக்காக அந்த ஜோடிக்கு அதுதான் உத்தியோகம்.

காலையில் பண்ணையாள் முன்னால் நின்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்தியதால் ஒன்றும் தெரியவில்லை. புல் அழகாக வெட்டுப்பட்டது. கடைசி வரிசையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். துரை வந்ததும் நானே உட்கார்ந்து ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

சாயங்காலம் துரை வந்தார். புல்தரையின் ஒரு ஓரத்தில் மேஜை, அதன் மேல் கேக்கும் முறுக்கும். நான் மேஜைப் பக்கமிருந்து புறப்பட்டு மறுகோடி வரை கம்பீரமாக ஓட்டிப் போனேன். துரைசானி கை தட்டினார். நெஞ்சு நிறைந்துவிட்டது. மாடுகளை நிறுத்தி, எழுந்து, திரும்பி நின்று, "குட் ஈவினிங் சார்" என்று சலாம் வைத்தேன்.

மாடுகள் பின்னால் நடக்க ஆரம்பித்தன.

சலாம் வைத்த கையை இறக்காமல் நான் துரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். "ஓ, ஓ" என்றேன். கேட்கவில்லை. கிணற்றுச் சரிவு எங்கள் புல்தரையைப் போல் இரண்டு பங்கு நீளம், அந்தக் கணக்கு மாடுகளுக்கு மனப்பாடம். துரை கோப்பையோடு எழுந்து விலகினார். துரைசானி கேக்கை எடுத்துக்கொண்டு விலகினார். மேஜை விலகவில்லை. அது சாய்ந்த அதிர்ச்சியில் கால் மடங்கி இருக்கையில் விழுந்தேன். கனம் ஏறியதும் மாடுகள் முன்னால் போயின. தப்பித்தோம் என்று இறங்குவதற்காக எழுந்தேன். மறுபடியும் பின்னால் வந்தன. இந்தத் தடவை நாற்காலிகள்.

அப்போதுதான் மாமனாருக்கு விஷயம் பிடிபட்டது. "மாப்ள, எந்திரிக்காதீங்க. ஒக்காந்தே இருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மாடுகள் பூச்செடிகளைத் தாண்டி, வேலியைப் பிரித்துக்கொண்டு, நேரே கிணற்றுக்குப் போய் நின்றன. அங்கிருந்து நடந்து வந்தபோது துரையின் கார் போய்விட்டிருந்தது.

"என்ன சொன்னாருங்க மாமா?"

"மாட்டப் பத்திக் கேட்டாருங்க. யாரு பழக்குனதுன்னாரு. அருமையான பழக்கமுன்னாரு."

"என்னப் பத்தி?"

மாமனார் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்குள்ள காரு வந்துருச்சுங்க மாப்ள."

பாவாயி சாக்கை அவிழ்த்துக் குடங்களை ஒவ்வொன்றாக அடுக்களையில் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. ஊரே சிரித்து ஓய்ந்த பிறகும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாலுக்கா ஆபீஸ் வேலை வரவேயில்லை. பல வருஷம் கழித்துச் சேலத்தில் ஒரு நூல் கடையில் வேலை கிடைத்துத் தனி வீடு பார்த்துப் போனோம். அதற்குள் அந்த வாக்கியம் குடும்பச் சொத்தாகிவிட்டது. கல்யாண வீட்டில் யாரையாவது கண்டு மரியாதைக்கு எழுந்தால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "எந்திரிக்காதீங்க. ஒக்காந்தே இருங்க." என் பிள்ளைகளும் சொல்வார்கள்.

மாமனார் கடைசியாகப் படுத்திருந்தபோது பார்க்கப் போனோம். என்னைக் கண்டதும் அந்த மனிதர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். வீட்டோடு கிடந்த காலத்தில் ஒரு வேளைகூடத் தவறாமல் எனக்காக எழுந்தவர். உடம்பில் தெம்பில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"எந்திரிக்காதீங்க மாமா. மாடு பின்னால வந்துரும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தலையணையில் சாய்ந்தார். பாவாயியும் சிரித்தாள். எனக்கும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.