மீன்கூடைக்குக் காட்டிய கற்பூரம்

சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிற கணவனைப்போல் ஆபத்தானவன் யாரும் இல்லை. நான் அந்த ரகம்.

செஞ்சியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் புதிதாக ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அதனால் புதுச்சேரியில் நான் ஆசைப்பட்டு வாங்கிவந்த படத்தை, சாமி அலமாரிக்கு மேலே ஏற்கெனவே இருந்த ஆணியில் மாட்டியிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வரைந்த ஓவியத்தின் அச்சு. கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பம். வலை உலர்த்தும் அப்பா, இடுப்பில் குழந்தையோடு அம்மா, காலடியில் கூடை நிறைய மீன். (ஏரி மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்குக் கடல்மேல் வரும் மோகம் தனி.)

சுமதியை அவள் வீட்டுக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டவன் நான். அதனால் அவள் அம்மா எங்கள் வாசற்படி மிதித்ததே இல்லை. என்ன மனம் இளகியதோ, அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை சிங்கவரம் பெருமாளைச் சேவித்துவிட்டு எங்கள் வீட்டுத் தளிகைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"எங்கம்மா நம்ம வூட்ல ஒரு வாய் சாப்ட்டா போதுங்க. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்றாள் சுமதி. கண் கலங்கியிருந்தது.

"நான் இன்னா செய்யட்டும்?"

"படத்தையெல்லாம் தொடச்சி, நாமம் போட்டு, துளசி மாலை சாத்துங்க."

"எல்லாப் படத்துக்குமா?"

"இதக்கூடவா கேப்பீங்க? எல்லாத்துக்குந்தான்!"

எனக்கும் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் மறுபடி கேட்டால் கரண்டி பறக்கும். மீனவருக்கு நாமம் போட்டேன், அவர் மனைவிக்குக் குங்குமம் வைத்தேன். (குழந்தைக்குச் சின்னப் பொட்டுதான், பச்சைக் குழந்தை பாருங்கள்.) மேலே மாலையும் சாத்தினேன். சுமதி சமையல் மும்முரத்தில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பிராணிப் புகைக்கு நடுவே கற்பூரத் தட்டை வாங்கி, அண்ணாந்து பார்த்து, "கோவிந்தா!" என்றார். நாங்களும் "கோவிந்தா!" என்றோம். கன்னத்தில் போட்டுக்கொண்டார். புகை விலகியது.

"இன்னாடி சுமதி இது? கூடையில மீனு இருக்குது?"

சுமதி என்னைப் பார்த்த பார்வைக்குத் தீப்பெட்டியே வேண்டாம். அத்தை தன் பையைக் கையில் எடுத்துவிட்டார். விரத நாளில் மீனுக்குக் கற்பூரம் காட்டவைத்த வீட்டில் அவர் எப்படிக் கை நனைப்பார்? பயத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"மச்சாவதாரம், அத்த."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெருமாளு ஒத்த மீனாத்தான மாப்ள வந்தாரு? இங்க ஒரு கூடை வந்துருக்குது?"

அவர் என்னை 'மாப்ள' என்று கூப்பிட்டதே அப்போதுதான். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சுமதி சிரித்தாள், பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். இலை போட்டோம். அத்தை புளியோதரையை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த ஓவியர் எந்தத் தேசத்துக் கடற்கரையில் உட்கார்ந்து அதை வரைந்தாரோ, எனக்குத் தெரியாது. என் வீட்டில் ஒரு தாயையும் மகளையும் சேர்த்துவைத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்ததும் அத்தையிடமிருந்து போன் வந்துவிடும்.

"மாப்ள, புரட்டாசி முடிஞ்சிருச்சி. அவதாரம் கொழம்புல கொதிக்குது, சீக்கிரம் வாங்க."