சைக்கிளைக் கொடுத்து வாங்கிய தூணில்லா வீடு

எனக்குத் தெரியாது என்று சொல்ல நான் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல்தான். இருபத்து நான்கு வயதில் எனக்கு எல்லாமே தெரியும். அப்படி எல்லாம் தெரிந்த நாட்களில்தான் ஒரு வீடு வாங்கினேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி நடந்த காலம். கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி நான். கல்யாணமான புதிது. நானும் பாக்கியமும் பெரிய கிராணி வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தோம். (அவள் இருமினால்கூட முன்னறையிலிருந்து மருந்து சொல்வார்கள்.) அப்போதுதான் தோட்டத்து ஓரத்தில் காப்பிக்கடை வைத்திருந்த காசிம் பாய், சீனியும் காப்பித்தூளும் கிடைக்காமல் கடையை மூடிவிட்டு சிரம்பானுக்குக் கிளம்பினார். கடையும் வீடுமாக இருந்த அந்தப் பலகைக் கட்டடத்தை விற்க நினைத்தார். ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடித்த நோட்டு தனக்கு வேண்டாம் என்றும், என் சைக்கிளைக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

பார்க்கப் போனோம். கூடம் அவ்வளவு அகலம். நடுத்தரையில் மட்டும் சதுரமாக ஒரு வடு இருந்தது. அது என்ன என்று கேட்டேன். (அன்று நான் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி.)

“அங்க ஒரு தூணு இருந்துச்சு தம்பி. மேசை போட எடஞ்சலா இருக்குன்னு எடுத்துட்டேன்லா. வெள்ளைக்காரன் இருந்தா பெர்மிட் எங்கன்னு கேப்பான். இப்ப யாரு கேக்குறா?”

யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எனக்கு அந்த வீட்டின் கூடுதல் சிறப்பாகவே பட்டது. பாக்கியம் அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப கூரைய யாருங்க புடிச்சிக்கிட்டு இருக்கா?”

உத்திரம் என்பது தன் பலத்திலேயே நிற்கும் என்று அவளுக்கு நீளமாக விளக்கினேன். ஏழாம் வகுப்பு வரை நான் படித்ததில் உத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சைக்கிளைக் கொடுத்துக் குடிபுகுந்த மறுவாரம், இவ்வளவு பெரிய கூடம் சும்மா கிடக்கிறதே என்று அந்த உத்திரத்தில் ஒரு ஊஞ்சல் கட்டினேன். சுவா பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் மாமனார் வீடு பார்க்க வந்தார். ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்று மெலிந்த காலத்திலும் மெலியாத உடம்பு அவருடையது. வேண்டாம் வேண்டாம் என்றவரைக் கையைப் பிடித்து ஊஞ்சலில் உட்காரவைத்து, மெல்ல ஒரு தள்ளும் தள்ளினேன்.

ஊஞ்சல் போனது. திரும்பி வரும்போது உத்திரம் ‘படீர்’ என்றது.

மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே உத்திரம் நடுவில் பிளந்து, கூரையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடை பெஞ்சு ஒன்றின் மேல் பாய்ந்து ஏறி நான் இரண்டு கையாலும் அதைத் தாங்கினேன். மாமா எழுந்து இன்னொரு பெஞ்சில் ஏறித் தோளைக் கொடுத்தார். பாக்கியம் அரிசிப் பானையை வெளியே தூக்கிப்போனாள்.

அந்த நிலையில்தான் எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி ஒரு ஜப்பான் சிப்பாயோடு வாசலில் வந்து நின்றார். சைக்கிள் வைத்திருப்பவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்ததாம். சைக்கிளை எடுத்துப்போக வந்திருக்கிறார்கள். ஆனால் அப்போதெல்லாம் சிப்பாய் வீடு தேடி வந்தால் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத்தான் என்று நினைப்போம். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. என் கை நடுங்கியது. கையோடு கூரையும் நடுங்கியது.

சிப்பாயைக் கண்டால் இடுப்பு வரை குனிய வேண்டும். நான் நிமிர்ந்து நின்றேன்.

“குனிங்க கிராணி,” என்றார் மண்டோர் பல்லைக் கடித்துக்கொண்டு.

“குனிஞ்சா வீடு விழுந்துரும் மண்டோர்.”

சிப்பாய் கையை ஓங்கிக்கொண்டு நெருங்கினான். பக்கத்தில் வந்ததும் அவன் பார்வை மேலே போனது. ஓங்கிய கை அப்படியே நின்றது. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான், பெஞ்சில் ஏறினான், எனக்கும் மாமாவுக்கும் நடுவே தன் தோளைக் கொடுத்தான். பிறகு மண்டோரைப் பார்த்து ஏதோ கத்தினான். மண்டோருக்கு பாஷை புரியவில்லை, ஆனாலும் ஓடினார்.

விறகுக்காகப் பின்னால் போட்டிருந்த ரப்பர் மரத்துண்டு வந்தது. அவன் இறங்கி, சாணால் உயரம் அளந்து, எங்கள் ரம்பத்தாலேயே அறுத்து, அந்தச் சதுர வடுவின் மேல் நிறுத்தி அடித்து இறுக்கினான். கை வேலை தெரிந்த கை. அவன் ஊரில் தச்சன் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அதுவரை நானும் மாமாவும் கோயில் சிலைபோலக் கையைத் தூக்கியபடியே நின்றோம்.

வேலை முடிந்ததும் பாக்கியம் அவித்த கிழங்கைக் கொடுத்தாள். பொறுமையாகத் தின்றான். தண்ணீர் குடித்தான். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “பாக்கெரோ,” என்று அவன் பாஷையில் முட்டாள் பட்டம் கொடுத்து, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். சைக்கிளைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்தக் கோணல் தூணோடு அதே வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்தோம். மூன்று பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். என் கன்னத்தில் அந்த அறை எதற்கு விழுந்தது என்பதில் மட்டும் குடும்பத்தில் இன்றுவரை சமாதானம் இல்லை. நான் குனியாததற்கு என்பது என் கட்சி. தூணில்லாத வீட்டை வாங்கியதற்கு என்பது பாக்கியத்தின் கட்சி. பிள்ளைகள் மூவரும் அவள் பக்கம். மாமா தன் கடைசித் தீபாவளி வரைக்கும், இலையில் சோறு விழுந்ததும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்.

“ரெண்டுமில்ல. என்னைய ஊஞ்சல்ல உக்கார வச்சதுக்கு. அடிக்க நான்தான் எந்திரிச்சேன், அவன் முந்திக்கிட்டான்.”