ஒற்றைக் கால் வித்தை

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. நரி என்றதும் தந்திரம், சூழ்ச்சி என்று உங்கள் மனசு ஓடும். ஓட வேண்டாம். அந்தச் சரக்கெல்லாம் அதன் அண்ணன்மாருக்கே தீர்ந்துபோய், கடைக்குட்டியான இதற்கு வாலும் பேரும்தான் மிஞ்சின. பேர் வீரபாகு.

அது கடுங்கோடை. காட்டில் தண்ணீர் இருந்ததே ஒரு குட்டையில்தான். இரவெல்லாம் ஊறும் தண்ணீர் வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் விடிந்ததும் எல்லா மிருகங்களும் வரிசையில் நிற்கும். வீரபாகுவும், சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் பாட்டிலோடு நிற்கும். அதன் முறை வரும் நேரம் பார்த்து, கட்டாரி என்ற காட்டுப்பன்றி வந்து முன்னால் நுழையும். வேறு யார் முன்னாலும் நுழையாது. வீரபாகு பல்லைக் காட்டும். கடிப்பதற்கு இல்லை, சிரிப்பதற்கு.

"பரவால்லண்ணே, நீங்க போங்கண்ணே."

பன்றி வயிறு முட்டக் குடித்து, புரண்டு எழுந்து போகும். மிஞ்சிய சேற்றைத்தான் வீரபாகு வீட்டுக்குக் கொண்டுபோகும்.

"பரவால்லன்னு சொல்றதுக்கு ஒரு போட்டி வெச்சா நீங்கதாங்க ஜெயிப்பீங்க" என்றது அதன் பெண்டாட்டி செங்கமலம். "புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. நல்ல தண்ணி கொண்டாங்க, இல்லேன்னா நான் போறேன்."

வீரபாகுவுக்கு மானம் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் நாரை வந்து சேர்ந்தது. கடல் கடந்து வலசை வந்த கூட்டத்தில், இறக்கையில் அடிபட்டுத் தனியாகத் தங்கிவிட்ட நாரை. பிடிக்க வந்த செந்நாயின் மூக்கில் அலகால் ஒரே ஒரு போடு போட்டது. செந்நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. அன்று சாயங்காலமே நாரைக்கு மாஸ்டர் என்று பட்டம் கட்டி, எல்லோரும் சண்டை பழகப் போய் நின்றார்கள். தங்களுக்கு அலகு இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாஸ்டருக்கு இந்தக் காட்டு பாஷை ஒரு வார்த்தைகூடத் தெரியாது. "அந்த பாஷை எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று முன்னால் வந்தது ஒரு மைனா.

விடியற்காலை மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் அசையாமல் இருக்கும். தூக்கம்தான். "மனசை அடக்கச் சொல்றாரு" என்றது மைனா. பிறகு மாஸ்டர் கண் விழித்து, தலையை உதறி, சடாரென்று கழுத்தை நீட்டும். முதல் வகுப்பில் முன்வரிசையில் ஒரு தவளை இருந்தது. கழுத்தை நீட்டிய பிறகு இல்லை. "பாடத்தோட கலந்துட்டான், கொடுத்துவெச்சவன்" என்றது மைனா. எல்லோரும் பக்தியோடு எச்சில் விழுங்கினார்கள்.

முள்ளம்பன்றிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மாஸ்டர் ரெண்டு கால்ல ஒண்ணத் தூக்குறாரு. நமக்கு நாலாச்சே. எத்தனையத் தூக்கணும்?"

மைனா கேட்டது. மாஸ்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டது. "ஒத்தைக் கால்லதான் நிக்கணும்ங்கிறாரு."

நின்றார்கள். அதாவது, விழுந்தார்கள். வீரபாகு முள்ளம்பன்றியின் மேலேயே விழுந்தது. வீட்டில் முள்ளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே செங்கமலம் சொன்னது: "கட்டாரிகிட்ட அடி வாங்கியிருந்தாக்கூட இவ்வளவு காயம் ஆயிருக்காது."

ஆனாலும் வீரபாகு விடவில்லை. பயந்தாங்கொள்ளிக்கு விடாமுயற்சி அதிகம், சண்டையைத் தள்ளிப்போட அதைவிட நல்ல வழி கிடையாது. ஒருநாள் நிஜமாகவே ஒற்றைக் காலில் நின்றுவிட்டது. மைனா அதன் இடுப்பில் தேறியதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் கொடியை பெல்ட்டாகக் கட்டிவிட்டது. இனித் தள்ளிப்போட வழியில்லை.

மறுநாள் வரிசையில் கட்டாரி வழக்கம்போல வந்து நுழைந்தது. வீரபாகு பாட்டிலைக் கீழே வைத்தது. ஒரு பின்னங்காலில் எழுந்து நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாவது?" என்றது கட்டாரி.

வீரபாகு மனசை அடக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மூலையில், அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றும் யோசித்துக்கொண்டிருந்தது. அடி வரவேயில்லை. வெயில் முதுகில் சுட்டபோது மெல்ல ஒரு கண்ணைத் திறந்தது. எதிரே கட்டாரி இல்லை. பின்னால் வரிசையும் இல்லை. குட்டையில் தண்ணீரும் இல்லை.

வெற்றுப் பாட்டிலோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனது.

"தண்ணி எங்கீங்க?"

"தண்ணிய விடு. ஒருத்தனும் என் முன்னாடி நிக்கல, தெரியுமா?"

மறுநாள் விடியுமுன் பாட்டிலை எடுத்துக்கொண்டு செங்கமலமே போய் வரிசையில் நின்றது. கட்டாரி வந்து நுழைந்தது.

"வரிசை அங்க முடியுது. பின்னாடி போய் நில்லுங்க."

கட்டாரி முழித்தது. "நீ வீரபாகு சம்சாரந்தானே? இது அவரு எனக்கு விட்டுக்குடுக்கிற இடமாச்சே. தினமும் 'பரவால்லண்ணே, போங்கண்ணே'ன்னு அவருதான சொல்லுவாரு? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுக்கு நுழையப் போறேன்?"

அதன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் போய் நின்றது.

அன்று குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன. சங்கதி காடெங்கும் பரவியது. "வீட்டுக்காரம்மாவே இந்தப் போடு போட்டா, வீரபாகு எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும்" என்று பேசிக்கொண்டார்கள். இறக்கை சரியானதும் நாரை யாரிடமும் சொல்லாமல் பறந்துபோயிற்று. "வீரபாகுதான் என் வாரிசுன்னு சொல்லிட்டுப் போறாரு" என்றது மைனா. இப்போது குட்டைக் கரையில் வீரபாகு ஒற்றைக் காலில் நின்று வகுப்பு எடுக்கிறது. முன்வரிசையில் கட்டாரி. அதற்குத் தாகமெடுத்து நடுவில் எழுந்து போனால், மாஸ்டர் வீரபாகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பரவால்லண்ணே, போங்கண்ணே" என்கிறது.

நீதி: கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எதிரி மறைந்துவிடுவான். தண்ணீரும் மறைந்துவிடும், ஆனால் கவலை வேண்டாம். வீட்டில் ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் நீங்கள் தாராளமாக மாஸ்டர் ஆகலாம்.