தேக்கு அலுமாரியில் ஒரு பல்ப்

வீரசிங்கம் பகல் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்ததற்குக் காரணம் மனைவி சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

"இந்தப் பாட்டெல்லாம் என் போன்லயே இருக்கு, அலுமாரியக் காலி பண்ணிக் குடுங்க."

அந்தத் தேக்கு அலுமாரி சுகிர்தா சீதனமாகக் கொண்டுவந்தது. ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே வீரசிங்கம் அதில் தமது முந்நூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகளைக் குடியேற்றினார். கட்டுகஸ்தோட்டை ஊரின் ஈரத்துக்கு உறைகள் கெட்டுவிடும் என்று உள்ளே ஒரு பல்பையும் இராப்பகலாக எரியவிட்டார். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் கிடந்த சுகிர்தாவின் பட்டுச் சேலைகள் எல்லாப் பூஞ்சணத்தையும் தாங்களே வாங்கிக்கொண்டன.

"போன்ல இருக்கிறது பாட்டா? அது வாடகைக் குடித்தனம். கம்பெனிக்காரன் நெனச்சா நாளைக்கே தூக்கிருவான். டேட்டா முடிஞ்சா வாய மூடிக்கும்."

"கரண்ட் போனா ஒங்க தட்டும் வாய மூடிக்குதே."

"வெளிநாட்டுல இருபது வயசுப் பிள்ளைங்க வரிசைல நின்னு தட்டு வாங்குது. எதிர்காலமே தட்டுக்குத்தான்."

"எதிர்காலத்த வேற எங்கயாவது அடுக்கி வைங்க. வர்ற மாசம் அண்ணன் மகன் ஜீவனுக்குக் கல்யாணம். கட்டிக்கிட்டுப் போக ஒரு சேலை இல்ல. எல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு."

வீரசிங்கம் கொதித்தார். தட்டையும் போனையும் ஒரே தராசில் வைப்பவளோடு இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார். அவர் தட்டுகளை எவ்வளவு மதித்தார் என்றால், கேட்டு முடித்ததும் பிளேயரின் ஊசியைக் கழற்றி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வேறு யாரும் கை வைத்துவிடக் கூடாதாம். மரக்கறி வாங்கப் போனாலும் ஊசி கூடவே போகும்.

"என் கண்ணக் கட்டு. தட்டுலயும் போடு, போன்லயும் போடு. எது எதுன்னு சொல்லலேன்னா அலுமாரி ஒனக்கு."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

மாறாமலிருக்க நிபந்தனைகளை அவரே தாளில் எழுதினார். ஒரே பாட்டுத்தான் இரண்டிலும் ஒலிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஸ்பீக்கர் வழியாக வர வேண்டும். கண்ணைக் கட்டியபின், முடிவு சொல்லும்வரை சுகிர்தா ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அவர் காது கலைந்துவிடும். சாட்சியாகப் பக்கத்து வீட்டு அரூஸ் வந்தார். தாளில் கணவரிடம் சுகிர்தாவே கையொப்பம் வாங்கினாள்.

வீரசிங்கம் தட்டை ஊதித் துடைத்து, பிளேயரில் வைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். அரூஸ் துவாயால் கண்ணைக் கட்டினார்.

"ஏதும் வெளங்குதா, சிங்கம் அண்ணன்?"

"இருட்டு. ஆரம்பிக்கலாம்."

சுகிர்தா பிளேயரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

முதல் தடவை பாட்டு ஒலித்தது. வீரசிங்கம் முகத்தைச் சுளித்தார்.

"போன். தகரப் பேணியத் தட்டுற மாதிரி. அடுத்ததப் போடு."

அரூஸ் இருமினார்.

"என்ன அரூஸ்?"

"ஒண்டுமில்ல அண்ணன், பனி."

இரண்டாம் தடவை அதே பாட்டு. வெளியே கூரைத் தகரத்தில் தூறல் விழத் தொடங்கியிருந்தது. வீரசிங்கத்தின் முகம் இளகியது.

"கேளு அரூஸ். பாடுறவரு மூச்சு எடுக்கிறதுகூடக் கேக்குது. அடியில பொரியிற மாதிரி ஒரு சத்தம் இருக்கே, அதுதான் தட்டோட உயிரு. போன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது வராது. முடிவா சொல்றேன், இதுதான் தட்டு."

துவாயை அவிழ்த்தார். பாட்டு பாடிக்கொண்டிருந்தது. தட்டு சுற்றாமல் சும்மா கிடந்தது.

"ரெண்டு தடவையும் போன்தாங்க" என்றாள் சுகிர்தா. "தட்டுலயும் போடலாம்னுதான் பாத்தேன். ஊசியக் காணல. கேக்கலாம்னா, பேசக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வீரசிங்கத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கண்ணாடிக் கூடு பத்திரமாக இருந்தது.

சுகிர்தா அதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து வந்துவிட்டாள்.

"தட்ட எடுக்கிறப்ப அந்தப் பல்ப மட்டும் அணைச்சிராதீங்க. சேலைக்கும் குளிரும்."