டேலியாவுக்கு ஒரு குளிர்காலம்

சிங்கப்பூர்,
ரேஸ் கோர்ஸ் சாலை,
16-2-1959

ஊட்டியில் இருக்கும் என் மதிப்புக்குரிய மைத்துனர் திரு. மருதப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சிவகாமசுந்தரியின் வீட்டுக்காரன் செல்லக்கண்ணு தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவில் மை ஊற்றினேன். யார் யார் நலம் என்று யோசித்துப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. எங்கள் மகள் லீலாவுக்குச் சிரம்பானில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். பிரசவம் பார்க்கப் போன சிவகாமி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அவளும் நலம். மற்றபடி இந்தச் சந்தில் நலம் என்று துணிந்து சொல்லும்படியாக ஒருவரும் இல்லை. அங்கே தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும்.

தங்கள் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. "மாப்பிள்ளை, இந்த வருஷம் கிழங்கு தோண்ட மனசு வரலை. எப்பவும் அவதான் தோண்டுவா. தை மாசப் பனி வந்து எல்லாத்தையும் கருக்கிட்டுப் போயிடுச்சு. இங்க இருந்த ரத்தினம்மா போயிட்டா, அங்க இருக்கிற ரத்தினம்மாவுல ஒரு கிழங்காவது அனுப்பி வையுங்க" என்று எழுதியிருந்தீர்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், மச்சான். ரத்தினம்மா அக்காவின் பெயரைத் தாங்கள் அந்தச் சிவப்பு டேலியாவுக்கு வைத்தது கல்யாணமான புதிதில் என்று சிவகாமி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா கண்ணை மூடுவதற்கு நாலு மாதம் முன்னால்தானே, தன் கையாலேயே கிழங்குகளைச் சாக்குத் துணியில் பொதிந்து, சிவப்பு தனி, மஞ்சள் தனி, வெள்ளை தனி என்று கட்டிக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள்! அதைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டையும், அது போய்ச் சேர்ந்த இடத்தையும் எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எழுதினால் தங்களுக்கு இறங்காது. என்ன செய்வது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வகையும் இங்கே பூத்தன. ஆனால் ஊட்டியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும் என்று சிவகாமி கையை விரித்துக் காட்டிய பூ, எங்கள் வாசலில் தேநீர்க் கோப்பை வாயளவுக்குத்தான் பூத்தது. மஞ்சள் வகை வெயிலைக் கண்டால் பத்து மணிக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடும். வெள்ளைக்கு மழை ஆகாது. ஒரு தூறலுக்கே இதழெல்லாம் பழுப்பேறி, துவைக்கப் போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடும். சிவப்பு மட்டும்தான் நின்றது. வெயிலில் நின்றது, மழையில் நின்றது, பக்கத்து வீட்டுப் பூனை மேலே படுத்து எழுந்த பிறகும் நின்றது. "அண்ணியும் அப்படித்தான்" என்பாள் சிவகாமி.

பக்கத்து வீடு என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆர்க்கிட் வளர்ப்பவர். நான் துறைமுகக் கிடங்கு வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு எனக்கிருந்த ஒரே தொழில், சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவரோடு பூச்சண்டை போடுவதுதான். "உங்கட டேலியா ரெண்டு நாளில வாடிப்போகும். என்ர ஆர்க்கிட் ஒரு மாசம் நிக்கும், தெரியுமோ?" என்பார் அவர். "நிக்கும், நிக்கும். பிளாஸ்டிக் பூகூடத்தான் நிக்கும்" என்பேன் நான். அவர் முகம் சிவந்து உள்ளே போவார். மறுநாள் சாயங்காலம் அவரே முதலில் வந்து வேலியருகே இருமுவார். ஜப்பான்காரன் காலத்தில் ஒரே மரவள்ளிக் கிழங்கை இரண்டாக வெட்டித் தின்று உயிர் பிழைத்த குடும்பங்கள் எங்களுடையவை, மச்சான். அப்படி ஒரு கிழங்கால் ஒட்டிய உறவு இன்னொரு கிழங்கால் அறுந்துபோனது.

மார்கழிக்கு முன்னால் கிழங்கைத் தோண்டி எடுத்துக் குளிர்ச்சியான இருட்டில் தூங்க வைக்க வேண்டும் என்று தாங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். நூல் நிலையத்தில் எடுத்த இங்கிலீஷ் தோட்டப் புத்தகமும் அதையே சொன்னது. தோண்டி எடுத்துவிட்டேன். குளிர்காலத்துக்கு எங்கே போவேன்? தாம்சன் சாலைச் செடிக்கடைச் சீனரிடம் கேட்டேன். அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "சிங்கப்பூர்ல குளிர் தாக் ஆடா லா, இல்லவே இல்லே! மழை இருக்கு, வெயில் இருக்கு, வேற ஒண்ணும் இல்லே" என்று, தெரிந்த தமிழையும் மலாயையும் கலந்து முதுகில் தட்டிக் கொடுத்தார். ஐஸ் கட்டி வாங்கி, உமியில் புதைத்து, அண்டாவில் வைத்துப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் அண்டாவில் கிழங்குகள் நீச்சலடித்தன. இந்த ஊரில் குளிராக இருக்கும் இன்னொரு இடம் ஏர்கண்டிஷன் போட்ட சினிமாக் கொட்டகை. கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு தினமும் ஒரு ஆட்டம் பார்த்தால் என்ன என்றுகூட யோசித்தேன். "அதுக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பீங்களா?" என்று சிவகாமி கேட்ட கேள்வியில் அந்த யோசனை நின்றது.

கடைசியில், எங்கள் சந்திலேயே பிரிஜ் வைத்திருக்கும் ஒரே வீடான ஏரம்பமூர்த்தி வீட்டில் போய் நின்றேன். பூவில் போட்டியிருந்தாலும் மனிதர் மறுக்கவில்லை. "கிழங்குக்கு இடமில்லாமலே? கீழ்த்தட்டில வையுங்கோ" என்றார். சிவகாமி பையைக் கட்டிக் கொடுத்தாள். நான் கொண்டுபோய்க் கீழ்த்தட்டில் வைத்தேன். அன்றிரவு ஊட்டியையே வாங்கிப் போட்டுவிட்டவன் போலத் தூங்கினேன். அந்த வீட்டு அடுப்படி யார் ஆட்சியில் இருக்கிறது, அந்த அம்மாளிடம் இது என்ன கிழங்கு என்று ஒரு வார்த்தை சொன்னோமா என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை தங்கள் கடிதத்தைப் படித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். வாசலில் கார் நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் மனதில் வாங்கவில்லை. உள்ளே, அவர்கள் மகள் புஷ்பராணியைப் பெண் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரம்பமூர்த்தியின் மனைவி பூரணம் அம்மாள் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நான் பிரிஜ்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில் புட்டிங் இருந்தது. பை இல்லை.

"அம்மா, இங்க ஒரு பை வெச்சிருந்தேனே?"

"அந்தக் கிழங்கோ? எத்தினை நாளா ஒருத்தரும் தேடேல்ல. இண்டைக்கு ஒரு மரக்கறி குறையுது எண்டு கறி வைச்சிட்டன். என்ன கிழங்கு அது, குளிரில கிடந்து கறுத்துச் சுருங்கி, வேகவே மாட்டன் எண்டு நிண்டது!"

அதற்கு மேல் நான் செய்ததற்கு நான் பொறுப்பில்லை, மச்சான். கால்கள் தாமாகவே கூடத்துக்குப் போயின. மாப்பிள்ளையின் தகப்பனார், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவராம், கனத்த மனிதர். அந்தக் கறியை இரண்டாம் முறை வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு கவளம் வாய்க்குப் போகிற நேரம். நான் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, ரத்தினம்மாவைச் சாப்பிட்டுட்டீங்களே!" என்று அலறினேன்.

அவர் கவளத்தை இலையில் வைத்தார். "ரத்தினம்மா ஆர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் மைத்துனர் சம்சாரம்! போன ஆடியில செத்துப் போயிட்டாங்க. அவங்கதான் இந்தக் கறி!"

மாப்பிள்ளையின் தாயார் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். மாப்பிள்ளை எழுந்து நின்று, இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டேலியா என்று விளக்கம் சொல்லப் போனேன். "அது பூதானுங்க, பூவோட கிழங்கு" என்றேன். "அப்ப பூச்செடிக் கிழங்கையோ எங்களுக்குப் போட்டனீங்கள்? நஞ்சோ என்னவோ!" என்று தகப்பனார் ஏரம்பமூர்த்தியின் மேல் பாய்ந்தார். பாயசம் வருவதற்குள் அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். வீடு போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்களாம். அந்த மாதிரிக் கடிதம் எங்கேயாவது வந்து சேர்ந்திருக்கிறதா?

புஷ்பராணி பட்டுச் சேலையோடு கதவோரம் நின்றிருந்தாள். அழவில்லை. என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. "அங்கிள், தண்ணி குடியுங்கோ" என்று ஒரு தம்ளரை நீட்டினாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது என் தோளில் ஏறித் தைப்பூசம் பார்த்த பெண். அந்தத் தம்ளரை வாங்கக் கை வரவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அவ்வளவுக்குப் பிறகும் நான் அடுப்படிக்குத் திரும்பிப் போய், வேகாத துண்டு ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன். தோல்தான் கிடைத்தது. அதை அள்ளி வந்து தொட்டியில் புதைத்திருக்கிறேன். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டையும் எடுத்தேன். அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை, வாயில் போட்டுக்கொண்டேன். இனிப்பாக இருந்தது. அக்காவின் குணம் கிழங்கிலும் இறங்கியிருக்கிறது என்று நினைத்து, அந்த அடுப்படியிலேயே நின்று அழுதேன். பூரணம் அம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார்.

வெளியே வந்தபோது ஏரம்பமூர்த்தி வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "செல்லக்கண்ணு, பிள்ளைக்கு வந்த மூண்டாவது சம்பந்தம் இது. இனி வேலிக்கு அங்கால நில்லுங்கோ" என்றார். நானும் சும்மா வந்திருக்கலாம். "உங்க வீட்டுல ஒரு பொருளைக் கொடுத்தா திங்கத்தான் தெரியும்" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன். அந்த வார்த்தையை எந்த ஊர்ப் பனி வந்து கருக்கும், மச்சான்? மறுநாள் வேலியோரம் இருந்த ஆர்க்கிட் தொட்டிகளையெல்லாம் அவர் பின்பக்கம் மாற்றிவிட்டார். சாயங்காலம் ஐந்தரை ஆனால் என் கால் பழக்கத்தில் வேலிக்குப் போகிறது. அங்கே இருமுவதற்கு ஆள் இல்லை. பிளாஸ்டிக் பூ என்று நான் சொன்னதைக்கூட அவர் மன்னித்திருந்தார்.

ஆகவே மைத்துனர் அவர்களே, தாங்கள் கேட்ட ஒரு கிழங்கை என்னால் அனுப்ப முடியவில்லை. மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, சிவப்பு அறவே இல்லை. சிவகாமிக்கு இன்னும் தெரியாது. தன் அண்ணியின் பூவை இப்படித் தொலைத்தவனோடு அவள் எப்படிக் குடும்பம் நடத்தப் போகிறாளோ தெரியவில்லை. இனி எனக்குப் பூவோ, கிழங்கோ, விதையோ, பசும்புல்லோகூட அனுப்ப வேண்டாம். செடி என்ற சொல்லையே இந்த வீட்டில் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

தாங்கள் காலா காலத்தில் சாப்பிட்டு, மாலையில் கம்பளி போர்த்திக்கொண்டு, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பேத்தி முறையாகும் எங்கள் புதுவரவுக்குத் தங்கள் ஆசீர்வாதத்தை எழுத வேண்டும். என்னை மன்னிக்க முடிந்தால் அதையும் அதே தாளில் எழுதலாம்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத,
செல்லக்கண்ணு

பின்குறிப்பு: மேலே கண்டதை ஒட்டுவதற்கு முன் சிவகாமி சிரம்பான் ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். மறைக்கத் தெரியாமல் முழுவதையும் படித்துக் காட்டினேன். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாரா?" என்றாள். பிறகு மாடிப்படிக்கு அடியில் குனிந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்து வெளியே வைத்தாள். திறந்தால் காய்ந்த மணல். மணலுக்குள் மூன்று வகையும், அக்கா கட்டிய அதே துணி முடிச்சுகளில், கல்லுக் கல்லாக இருக்கின்றன.

"அன்னிக்கு நான் பையில கட்டிக் கொடுத்தது தேக்கா மார்க்கெட்டுல வாங்குன சர்க்கரைவள்ளி. அண்ணி கொடுத்த கிழங்க ஐஸ் பெட்டியில போட விடுவேனா?"

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"புத்தகத்தக் கேட்டீங்க. செடிக்கடைக்காரரக் கேட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரரக் கேட்டீங்க. ஊட்டியில பொறந்தவ ஒருத்தி உங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டுதானே இருந்தேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வெறும் சர்க்கரைவள்ளிக்காகவா ஒரு பெண்ணின் சம்பந்தம் போயிற்று என்று நினைக்க, தலை இன்னும் கீழே போகிறது. ஏரம்பமூர்த்தியிடம் நீயே வந்து பேசு என்று சிவகாமியைக் கெஞ்சினேன். "கிழங்குக்கு நான் பதில் சொல்லிட்டேன். வாய்க்கு நீங்கதான் போகணும்" என்றாள். போகத்தான் வேண்டும். சட்டை மாற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கப்பலில் நாகப்பட்டினம் போகும் அப்துல் கஃபார் பாய் கையில் சிவப்புக் கிழங்கில் பாதியைக் கொடுத்து அனுப்புகிறோம். அது வந்து சேர்ந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. அதனால் கிழித்துப் போடப் போனேன். சிவகாமி பிடுங்கிக்கொண்டாள்.

"கிழிக்காதீங்க, இதையும் கிழங்கோட வெச்சு அனுப்புங்க. அண்ணி போனதுக்கப்புறம் எங்க அண்ணன் ஒரு தடவைகூடச் சிரிச்சிருக்க மாட்டாரு."