மிளகாய் மெஷினில் அரைத்த புட்டுமா

நேற்று எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஊறவைத்து வடித்த அரிசியை மில்லுக்குக் கொண்டுபோய், மாவாக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது.

இதைக் குழப்ப ஒரு மனிதனால் முடியுமா? என்னால் முடிந்தது.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். சீலியாக் என்றொரு குடல் நோய். கோதுமை உள்ளே போனால், என் உடம்பின் காவற்படை எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து என் சொந்தக் குடலையே அடிக்கும். கோதுமையை விடுவதுதான் மருந்து.

"கொஞ்சமும் கூடாது. தூசும் கூடாது," என்றார் டொக்டர்.

"ஆயுள் முழுக்கவோ டொக்டர்?"

"ஓம்."

"கலியாண வீட்டில ஒரேயொரு ரோல்ஸ்?"

"ஏலாது."

அன்றைக்குத்தான் பாணை விட்டேன், பிஸ்கற்றை விட்டேன், ரொட்டியை விட்டேன். இதெல்லாம் பரவாயில்லை. புட்டுத்தான் பெரிய அடி. எங்கள் வீட்டுப் புட்டில் பாதி அரிசிமா, பாதி அவித்த கோதுமை மா. அப்படிக் கலந்தால்தான் புட்டு மெதுவாக இருக்கும் என்பது திருகோணமலையில் பல குசினிகளின் நம்பிக்கை. ஆகவே எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி மூலை. மற்றவர்கள் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட, நான் சோற்றோடு இருந்து வேடிக்கை பார்ப்பேன்.

நேற்று அது நடக்கக்கூடாது என்று என் மனைவி வசந்தா சொல்லிவிட்டாள். காரணம், எங்கள் மகள் துளசி. அவளும் அவளோடு வேலை செய்யும் ஒரு பையனும் விரும்புகிறார்கள். பையனின் தாயும் தகப்பனும் நிலாவெளியிலிருந்து முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இராச் சாப்பாடு எங்களோடு.

"வருத்தம் எண்டு வாய் திறக்கக்கூடாது," என்றாள் வசந்தா.

"ஏன்?"

"தகப்பனுக்கு ஆயுள் முழுக்க ஒரு வருத்தம் எண்டா, மகளுக்கும் வருமோ எண்டு கேப்பினம். பிறகு வீட்டை போய்க் கதைப்பினம். பிறகு ரெலிபோன் வராது."

"சொன்னால் என்னம்மா?" என்றாள் துளசி.

"கலியாணம் முடியட்டும், சொல்லுவம்."

வசந்தாவின் திட்டம் எளிமையானது. எல்லாருக்கும் கோதுமை கலக்காத வெறும் அரிசிமாப் புட்டு. நானும் அதையே சாப்பிடுவேன். எல்லார் தட்டிலும் ஒரே சாப்பாடு இருந்தால் யாருக்கும் கேள்வி வராது. கடையில் விற்கும் அரிசிமாவில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாதபடியால், நாங்களே அரைத்துக்கொள்ள வேண்டும்.

"இந்த ஒரு வேலையைச் செய்து தாங்கோ, போதும்," என்று வாளியை என் கையில் தந்தாள்.

மில் உட்துறைமுக வீதிப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. நடத்துபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஹனிபா நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்க சேர். என்ன, இண்டைக்கு அக்கா வரல்லியா?"

"நான்தான் வந்தனான். நானா, விடியத்தொடக்கம் இந்த மெஷினில என்ன அரைச்சனீங்கள்?"

"சத்துமா சேர். சின்னப் புள்ளைக்கு. சோளம், பயறு, கோதுமை எல்லாம் போட்டது."

கோதுமை! நான் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஒரு புடி அரிசி போட்டு ஓட்டினா எல்லாம் போயிரும் சேர். எல்லாருக்கும் அப்புடித்தான் செய்யிற."

அது எனக்குப் போதாது என்று விளக்கினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பல வருடம் பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு எழுதியதால், எதையும் அடியிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வரும். குடல் என்றால் என்ன, அதன் உட்சுவர் எப்படி வெல்வெட் துணிபோல இருக்கும், கோதுமை பட்டால் அந்த வெல்வெட் எப்படித் தேய்ந்துபோகும் என்று வரிசையாகச் சொன்னேன். நிலாவெளிக்காரருக்குச் சொல்லக்கூடாத விஷயம் முழுவதையும் மில்லில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். பின்னால் நின்ற ஒரு அம்மா மெதுவாகத் தன் பையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"அப்ப என்ன சேர் செய்யிற?"

"கோதுமையே படாத மெஷின் ஒண்டும் இல்லையோ?"

நானாவின் முகம் மலர்ந்தது. மூலையில் இருந்த மற்ற மெஷினைத் தட்டிக் காட்டினார்.

"இது வாங்கின நாளில இருந்து கோதுமையக் கண்டதே இல்ல!"

"அப்ப அதில போடுங்கோ."

"சேர், இது மிளகாய் மெஷின்."

"மிளகாயில கோதுமை இல்லையே?"

நானா யோசித்தார். "இல்லதான்."

"பிறகென்ன?"

அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார். "கணக்குச் சரிதான்."

ஆளையாள் பார்த்துத் தலையாட்டினோம். அந்த நேரத்தில் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரர் இந்த மாவட்டத்திலேயே இல்லை.

நானா தூரிகையால் மெஷினைத் துடைத்தார். துடைக்கும்போது எட்டுத் தரம் தும்மினார். ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டினார். குங்குமம் வந்தது. இன்னொரு பிடி போட்டார். செங்கல் நிறம் வந்தது. அடுத்த பிடி இளஞ்சிவப்பு.

"இனிச் சரி சேர்!"

எங்களுடையது சிவப்புப் பச்சையரிசி. அதன் மா எப்போதும் இளஞ்சிவப்புத்தான். அதற்குமேல் எது அரிசி, எது மிளகாய் என்று கண்ணால் சொல்ல ஏலாது. இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

வசந்தா மாவை வறுக்கத் தொடங்கினாள். நான் முன் கதிரையில் இருந்து பேப்பர் விரித்தேன்.

குசினிக்குள் ஒரு தும்மல். பிறகு ஒரு இருமல். பிறகு துளசியின் இருமல். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுக்காரியின் குரல்: "வசந்தாக்கா, மிளகாயோ வறுக்கிறியள்? கண் எரியுது!"

வசந்தா கரண்டியோடு வந்தாள். கண்ணால் நீர் ஓடியது.

"இஞ்சேருங்கோ! மாவில என்ன இருக்குது?"

"கோதுமை இல்லை."

"என்ன இல்லை எண்டு நான் கேக்கேல்லை. என்ன இருக்குது எண்டு கேக்கிறன்!"

சொன்னேன். அவள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிலாவெளிக்காரரின் வான் வந்து நின்றது.

"அம்மா, அவைக்குக் கோதுமை மாவில அவிப்பமே? அலுமாரியில இருக்குது," என்றாள் துளசி.

"அப்பாக்கு மட்டும் வேற வச்சால் ஏன் எண்டு கேப்பினம். தேங்காயைத் திருவு. இருக்கிற தேங்காய் எல்லாத்தையும் திருவு!"

பையனின் தகப்பன் தருமலிங்கம் சாதுவான மனிதர். தாய் மங்கையற்கரசி, எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்து, பிறகு இன்னொரு தரமும் பார்ப்பவர். கதை நன்றாகத்தான் போனது. மேசையில் புட்டும் நண்டுக்கறியும் வந்தன. புட்டில் மாவைவிடத் தேங்காய்தான் கூட.

தருமலிங்கம் ஒரு வாய் வைத்தார். நெற்றி வியர்த்தது. தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய் வைத்தார். வழுக்கையும் வியர்த்தது.

"நண்டுக்கறி நல்ல உறைப்பு," என்றார்.

"ஓம் ஓம், நண்டுதான்! நான் கொஞ்சம் கூடப் போட்டிட்டன்," என்று வசந்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நண்டு பாவம், மறுத்துப் பேசவா போகிறது?

ஒரு நிமிடம் நாங்கள் தப்பிவிட்டோம் என்றே நினைத்தேன்.

"எனக்கு உறைப்புச் சரிவராது," என்றார் மங்கையற்கரசி. "கறி வேண்டாம் தங்கச்சி. எனக்குப் புட்டும் கதலிப்பழமும் சீனியும் போதும்."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் பழத்தை உரித்தார். சீனி தூவினார். ஆறுதலாகப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"தங்கச்சி, வாழைப்பழமும் உறைக்குதே?"

துளசி தலை குனிந்தாள்; தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மாவில கொஞ்சம் மிளகாய் பட்டிட்டுது அக்கா," என்றாள் வசந்தா. "இவர்தான் மில்லுக்குப் போனவர். மாறி மிளகாய் மெஷினில அரைப்பிச்சுப்போட்டார்."

"மாறியோ? மிளகாய் மெஷின் எண்டு மணத்திலயே தெரியுமே!"

"இவருக்குத் தெரியாது. இவருக்கு ஒண்டுமே தெரியாது அக்கா. உழுந்து எது, பயறு எது எண்டும் தெரியாது."

விளங்கியது. வருத்தக்காரன் என்று சொல்வதைவிட மொக்கன் என்று சொல்வது கலியாணத்துக்குப் பாதுகாப்பு என்று வசந்தா முடிவெடுத்துவிட்டாள்.

"கடையில சீனி வாங்க விட்டால் உப்போட வருவார்," என்று அவள் மேலும் கட்டினாள்.

மகளுக்காகப் பொறுத்தேன்.

"ஒருநாள் அடுத்த வீட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு போய்—"

"அது இருட்டில!" என்றேன். அதற்குமேல் என்னால் ஏலவில்லை. "நான் மாறி அரைக்கேல்லை. யோசிச்சுத்தான் அரைச்சனான்!"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடியிலிருந்து. குடல், வெல்வெட், காவற்படை, சத்துமா, கோதுமையைக் காணாத மெஷின். தருமலிங்கம் வாயைத் திறந்தபடி கேட்டார். அதில் பாதி ஆர்வம், பாதி உறைப்பு.

மங்கையற்கரசி ஒன்றைத்தான் கேட்டார்.

"பிள்ளைக்கும் வருமோ?"

"சோதிச்சாச்சு அக்கா. ஒண்டும் இல்லை!" என்றாள் வசந்தா அவசரமாக.

"இப்ப இல்லை," என்று நான் திருத்தினேன். "பிறகு வரவும் கூடும் எண்டு டொக்டர் சொன்னவர். அதால இடைக்கிடை சோதிக்க வேணும்."

மேசைக்குக் கீழே என் கால் மிதிபட்டது. துளசி நிமிர்ந்து பார்த்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

மங்கையற்கரசி தண்ணீர் குடித்தார். கிளாசை வைத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு இன்னொரு தரமும் பார்த்தார்.

"வருத்தம் வந்தால் வரட்டும், பத்தியம் பாத்துச் சமைக்கலாம்," என்றார். "மிளகாய் மெஷினில அரிசி அரைக்கிற புத்தி பிள்ளைக்கு வராமல் இருந்தால் சரி."