காத்தண்ணையும் வேல்ஸ் நாட்டு யன்னல்களும்

டென்மார்க்கில் இருக்கும் தமிழர் அத்தனை பேரையும் ஒரே மண்டபத்தில் அடைத்துவிட்டு, "இதுக்குள்ள ஆர் காத்தண்ணை?" என்று நீங்கள் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். யன்னலடியில் நிற்பவர் காத்தண்ணை. பத்து நிமிடம் பொறுத்தால் அந்த மண்டபத்தில் பூட்டிய யன்னல் ஒன்றுகூட இராது.

அவருடைய சொந்தப் பெயர் வரி அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கலாம். ஹேர்னிங்கில் எங்களுக்கு அவர் காத்தண்ணை. தடிமன், தலையிடி, கடன் கவலை, மாமியார் சண்டை எதுவாக இருந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். "ஃப்ரிஸ்க் லுஃப்ட்!" என்பார். டேனிஷ்காரர் நல்ல காற்றுக்குச் சொல்லும் சொல் அது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். கையில் தோடம்பழம் கொண்டுவந்தார் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தோடம்பழத்தை வைக்க முதல் படுக்கையறை யன்னலைத் திறந்தார். அது தை மாதம். காய்ச்சல் அன்றைக்கே ஓடிவிட்டது. இந்த அறையில் இருப்பதைவிடச் சாவது மேல் என்று நினைத்திருக்க வேண்டும்.

சரஸ்வதி பூசையிலும் விடமாட்டார். மண்டபத்து யன்னலைத் திறந்ததில் குத்துவிளக்கு மூன்று தரம் அணைந்தது. ஐயர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, எங்களை விடுங்கோ, சரஸ்வதிக்குக் குளிருது" என்றார்.

"வீணையை வாசிச்சா விறைக்காது ஐயா" என்றார் காத்தண்ணை.

இந்தப் பைத்தியம் அவருக்கு யாழ்ப்பாணத்தில் பிடித்ததல்ல, வேலை செய்த இடத்தில் பிடித்தது. கைக்குழந்தைகளைப் பகலில் பார்க்கும் காப்பகம் ஒன்றில் முப்பது வருடமாக வேலை. இந்த நாட்டில் குழந்தைகளை மதியத்தில் வண்டிலோடு வெளியே படுக்கவைப்பார்கள். மழையோ பனியோ, போர்வையை மூடி, பட்டியைக் கட்டி, வரிசையாக விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் கன்னம் சிவக்கத் தூங்கும். தெருவிலும் அப்படித்தான். தாய் உள்ளே கோப்பி குடிப்பாள், பிள்ளை கடை வாசலில் வண்டிலுக்குள் உறங்கும். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காத்தண்ணை முதல் நாள் வேலைக்குப் போனபோது பனிக்குள் பன்னிரண்டு வண்டில்கள் நின்றனவாம். "ஐயோ, பச்சைப் பிள்ளையள்!" என்று பதறி, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாராம். பொறுப்பாக இருந்த டேனிஷ் அம்மா ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாராம். இப்படி மத்தியானம் முழுவதும் போனது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு பிடித்ததுதான். அவர் கையால் வெளியே படுத்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஹேர்னிங்கில் பலர். என் மனைவி சாயினியும் அதில் ஒருத்தி. எங்கள் மகள் பிறந்து எட்டு மாதமானபோது, அவளுடைய மதியத் தூக்கத்துக்கும் காத்தண்ணைதான் அதிகாரி.

அப்போதுதான் அவருடைய தங்கை மகனுக்கு வேல்ஸில் கலியாணம் வந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "காருக்குள்ள காத்து இல்லை" என்று சைக்கிளோடு நின்றுவிட்டவர். நாங்கள் நாலைந்து நாள் ஊர் பார்த்துக்கொண்டு அவரையும் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

முதல் சண்டை பில்லுண்ட் விமான நிலையத்திலேயே தொடங்கியது. நாங்கள் மடிக்கிற சின்ன வண்டில் ஒன்று வைத்திருந்தோம். அவர் விடவில்லை. "மடிக்கிற வண்டில்ல படுத்தா பிள்ளையும் மடிஞ்சு போகும்" என்று, ஒரு குடும்பம் குடியிருக்கக்கூடிய பெரிய டேனிஷ் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். வேல்ஸ் பக்கம் இறங்கி எடுத்த வாடகைக் காரில் வண்டிலின் சில்லுகள் பின்னால், கூடை மேலே, பெட்டி சாயினியின் மடியில். முன் சீற்றில் காத்தண்ணை, அவர் பக்கத்து யன்னல் அடிவரைக்கும் திறந்தபடி.

வேல்ஸ் மழை மேலிருந்து விழுகிற மழையல்ல. பக்கவாட்டில் வந்து விசாரிக்கிற மழை. அது அவர் வழியாக உள்ளே வந்து என் மூக்குக் கண்ணாடியில் நின்றது.

"அண்ணை, யன்னலைப் பூட்டுங்கோ, றோட்டுத் தெரியேல்லை!"

"நீர் இடப் பக்கம் ஓடும் தம்பி, நான் பார்த்துச் சொல்லுறன்."

அந்த நாட்டுச் சின்ன வீதிகளில் ஒரு கார்தான் போகும். இரண்டு பக்கமும் ஆள் உயரப் பற்றை. எதிரே உழவு இயந்திரம் வந்தால் பின்னால் போவதைத் தவிர வேறு கதியில்லை. நான் வேர்க்க விறுவிறுக்கப் பின்னால் எடுத்தபோது, முள்ளுச்செடி ஒன்று யன்னலுக்குள்ளால் வந்து காத்தண்ணையின் கன்னத்தில் அறைந்தது. அவர் அதில் இருந்த கறுப்புப் பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல இனிப்பு" என்றார். செம்மறியாட்டு மணம் வந்தால் ஆழமாக மூச்சிழுப்பார். பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு அவர்களுடைய மொழியும் இருப்பதைக் கண்டு, "பார் தம்பி, தங்கட மொழியைத் தங்கட றோட்டில எழுதி வைச்சிருக்கினம்" என்று ஒவ்வொரு சந்தியிலும் சொன்னார். அதற்கு மட்டும் நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

கடலோர ஊர் ஒன்றில் தங்கிய விடுதியில், பெயின்ற் பூசி இறுகிப்போன யன்னலைக் காத்தண்ணை தேக்கரண்டியால் நெம்பித் திறந்தார். விடியத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கலியாண வீட்டுக்கென்று சாயினியின் அம்மா கட்டித் தந்த பயித்தம்பணியாரப் பையின் மேல் இரண்டு கடற்காகங்கள் நின்றன. எங்களைப் பார்த்து எங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பதுபோலக் கத்தின. காத்தண்ணை கொஞ்சமும் கலங்கவில்லை.

"அதுகள் நல்லாச் சாப்பிட்டதுக்குக் காரணம் காத்துத்தான். பசி எடுக்கும்."

நாலாம் நாள் ஒரு சின்ன ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு நின்றோம். ஊரின் பெயர் இன்றுவரை என் நாக்குக்கு வசப்படவில்லை. ஒரு மணிக்கூண்டு, ஒரு சாய்ந்த தெரு, இரண்டு பக்கமும் கடைகள். மகள் வண்டிலில் தூங்கிவிட்டாள். காத்தண்ணை வழக்கம்போல வண்டிலைத் தேத்தண்ணிக் கடை வாசலில், கூரைக்குக் கீழே விட்டார். பிறேக்கை அழுத்தினார், பட்டியைப் பார்த்தார், குழந்தை அழுதால் கேட்கும் சின்னக் கருவியில் ஒன்றைத் தலைமாட்டில் வைத்து மற்றதைத் தன் சட்டைப் பையில் போட்டார். நானோ சாயினியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் நாள்தோறும் செய்வதுதானே. இது வேறு ஊர் என்பது எங்கள் மூன்று பேருடைய மண்டையிலும் உறைக்கவில்லை.

நனைந்த சப்பாத்தைக் கதவடியில் கழற்றிவிட்டு, காத்தண்ணை யன்னலோர மேசையைப் பிடித்தார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் கையால் துடைத்து வண்டிலைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கடைக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றும் வரைக்கும். எழும்பிப் பின்பக்க யன்னலைத் திறக்கப் போனார். அது திறக்கவில்லை. கடைக்காரர் வந்து அது இருபது வருடமாகத் திறப்பதில்லை என்றார். காத்தண்ணைக்கு அது போதும். இரண்டு பேருமாகச் சேர்ந்து தள்ள, நான் கையில் தட்டோடு வேடிக்கை பார்க்க, சாயினி சிரிக்க, யன்னல் கிறீச்சென்று திறந்தது. கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

வெற்றி வீரராக வந்து உட்கார்ந்தவர், கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"தம்பி," என்றார். "வண்டிலைக் காணேல்லை."

என் கையில் இருந்த தட்டு எங்கே போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. வெளியே ஓடினேன். மழை. தெருவில் ஒரு குஞ்சும் இல்லை. வாசலில் வண்டில் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாகக் காய்ந்து கிடந்தது. சாயினி டேனிஷிலும் தமிழிலும் மகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு தெருவின் மேல்பக்கம் ஓடினாள். நான் காத்தண்ணையின் பக்கம் திரும்பினேன்.

"உங்கட காத்து! உங்கட விசர்க் காத்து! என்ர பிள்ளை எங்கை? பிள்ளைக்கு ஏதும் நடந்தா உங்கட முகத்திலயும் முழிக்க மாட்டன்!"

அவர் காலுறையோடு மழைக்குள் நின்றார். முகம் சாம்பலாகிவிட்டது. சட்டைப் பையில் இருந்த கருவியை எடுத்து, ஒலியைக் கூட்டி, காதில் வைத்தார்.

"பொறும் தம்பி. கேளும்."

இரைச்சலுக்குள்ளால் ஒரு கிழவியின் குரல் வந்தது. எங்களுக்குத் தெரியாத மொழியில் பாடினாள். பாட்டுக்கு நடுவே ஒரு சிரிப்பு. என் மகளின் சிரிப்பு.

"கிட்டத்தான் இருக்கிறாள். தூரம் போனா இது கேக்காது" என்றார். கருவியைக் காதில் வைத்தபடி தெருவில் நடந்தார். கீழ்ப் பக்கம் போனபோது இரைச்சல் கூடியது. திரும்பினார். தெருவைக் கடந்தார். பாட்டுத் தெளிந்தது. இறைச்சிக் கடையைத் தாண்டினார். இன்னும் தெளிந்தது. கம்பளி நூல் விற்கும் கடை ஒன்றின் வாசலில் பாட்டு இரண்டு பக்கத்தாலும் கேட்டது, கருவிக்குள்ளாலும் கதவுக்குள்ளாலும்.

உள்ளே மூன்று வயதான பெண்கள். நடுவில் இருந்தவளின் மடியில் என் மகள், கம்பளிச் சால்வைக்குள் சுற்றப்பட்டு, நூல் பந்து ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தாள். மழைக்குள் யாரோ பிள்ளையைக் கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து வண்டிலை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பொலிசுக்கும் சொல்லிவிட்டார்கள். கடையில் யன்னல் எல்லாம் பூட்டி, சூடாக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஓடிவந்த சாயினி பாய்ந்து பிள்ளையை வாங்கினாள். நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பொலிஸ்காரப் பெண்ணும் வந்து சேர்ந்தாள். மழையில் பிள்ளையை வெளியே விட்டது யார் என்றாள். காத்தண்ணை காலுறையில் இருந்து தண்ணீர் வடிய முன்னால் வந்தார். "நான்தான். தாய் தகப்பனில பிழை இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தொலைபேசியை எடுத்து, பனிக்குள் வரிசையாக நின்ற வண்டில்களின் பழைய படங்களைக் காட்டினார். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பிள்ளைகள் உயிரோடுதான் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இதில ஒருத்திதான் இந்தத் தாய்" என்று சாயினியைக் காட்டினார்.

பாடின கிழவி படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். தன் அம்மாவும் தங்களை இப்படித்தான் தோட்டத்தில் படுக்கவைப்பாள், இப்போது ஒருவரும் செய்வதில்லை என்றாள். பிறகு காத்தண்ணையிடம், பயப்படுத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றாள்.

"இல்லை அம்மா," என்றார் காத்தண்ணை. "நானும் முதல் நாள் இதைத்தான் செய்தனான். பன்னிரண்டு வண்டில்."

பொலிஸ்காரி, இந்த நாட்டில் இனி இப்படிச் செய்யவேண்டாம் என்று சொல்லி, பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

காரில் ஏறியதும் காத்தண்ணை தன் யன்னலைப் பூட்டினார். கலியாண ஊர்வரைக்கும் திறக்கவில்லை. செம்மறியாடு வந்தது, கடல் வந்தது, பெயர்ப்பலகைகள் வந்தன. அவர் வாயும் திறக்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. நான் கத்திய வார்த்தைகள் காருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஒரு மடையன்.

மறுநாள் கலியாண மண்டபத்தில் ஓமப் புகை. மகள் வீரிட்டு அழுதாள். மாமிமார் மாறி மாறித் தூக்கினார்கள். பால், பொம்மை, தாலாட்டு ஒன்றும் எடுபடவில்லை. அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மணித்தியாலமாகிறது, அத்தனை யன்னலும் பூட்டியபடி. இரண்டாவது வரிசையில் காத்தண்ணை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, புகையில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணை, நான் நேற்றுக் கதைச்சது பெரிய பிழை."

"பிழை இல்லை. பிள்ளையைக் காணேல்லை எண்டா தகப்பன் கத்தத்தானே வேணும்."

"இவளுக்கு நித்திரை வருது. வெளியில படுக்கவைப்பமோ?"

அவர் என்னைப் பார்த்தார். சாயினியைப் பார்த்தார். "நீங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"நீங்கள் படுக்கவைச்சாத்தான் அவள் படுப்பாள்" என்றாள் சாயினி.

பின்பக்கத் தோட்டத்தில் கூரைக்குக் கீழே வண்டிலை நிறுத்தினார். போர்வையைச் செருகினார், பட்டியைப் பார்த்தார், கூடையை மூன்று தரம் மெல்ல ஆட்டினார். அழுகை நின்றது. நானும் அவரும் இரண்டு பக்கமும் காவலுக்கு நின்றோம். உள்ளே நாதஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது கேட்டது.

"அண்ணை, தாலி கட்டப் போகினம். மருமேனுக்கு அரிசி போட வேணுமெல்லே. நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்."

"ஒரு அடி விலக மாட்டீரே?"

"சத்தியமா விலக மாட்டன்."

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தின் முதல் யன்னல் திறந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. புகை வெளியே வந்தது, மேளம் வெளியே வந்தது, ஐயர் "அண்ணை, ஓமம் அணையப் போகுது!" என்று கத்துவதும் வந்தது. கடைசி யன்னலால் காத்தண்ணையின் தலை வந்தது.

"படுத்திட்டாளோ?"

"படுத்திட்டாள் அண்ணை."

"போர்வை?"

"கழுத்துவரைக்கும் இருக்கு."

அவர் தலையை உள்ளே எடுத்தார். நான் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல்தரமாக நன்றாக மூச்சு விட்டேன்.